ஓடை வெளியின் கேற்

மெல்பேர்ணிலிருந்து வடக்கே நாலரை மணித்தியாலம் கார் ஓட வேண்டும். கடைசி ஒரு மணித்தியாலம் தெருவில் வளைவே கிடையாது. வெயில் நாளில் தூரத்தில் தெருவுக்குக் குறுக்கே தண்ணீர் கிடப்பது போலத் தெரியும். கிட்டப் போகப் போக அது தள்ளிப் போகும். அந்தத் தண்ணீருக்குப் பின்னால்தான் அந்த இடம் இருந்தது.

அதை ஊர் என்று சொல்லலாமோ தெரியாது. தகரக் கூரை போட்ட ஒரு மண்டபம். பக்கத்தில் தீயணைப்பு வண்டி நிற்கும் கொட்டில். சண்டைக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர் வெட்டிய ஒரு கல். டெனிஸ் விளையாடிய சீமெந்துத் தரை, வெடிப்பெல்லாம் புல். கடை இல்லை. பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் அதன் படி மட்டும் மிச்சம். மூன்று படி. ஏறினால் வெறும் காற்று. கட்டடத்தை லொறியில் ஏற்றிக்கொண்டு போய் யாரோ அதற்குள் ரக்ரர் விடுகிறார்களாம்.

வீடுகள் ஒன்றுக்கொன்று மூன்று நாலு கிலோமீற்றர். ஆள் இருந்த வீடு ஆறு. ஆறு வீட்டுக்கும் மாடுதான் சீவியம். பால் மாடில்லை, இறைச்சி மாடு.

நான் அங்கே நாலு வருடம் இருந்தேன். சில காலையில் எழும்பும்போது இன்னும் அங்கேதான் இருக்கிறேன் என்று நினைக்கிறேன். கண்ணைத் திறந்தால் மெல்பேர்ண், ட்ருகனினா.

அகதியாகப் படகில் வந்தவன் நான். எனக்குத் தந்த விசாவில் ஒரு நிபந்தனை இருந்தது. நகரத்துக்கு வெளியே சில வருடம் வேலை செய்தால்தான் அடுத்த விசாவுக்கு எழுதலாம். முதலில் ஒரு சின்ன ரவுணில் மாடு வெட்டும் தொழிற்சாலையில் நின்றேன். மாடு உள்ளே வருகிற பக்கம் என்னை விட்டார்கள். மாடு என் சொல்லுக்கு நடக்கும் என்பதால். எட்டு மாதம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஒருநாள் ஒரு பெண் இரண்டு கிழட்டு மாட்டைக் கொண்டுவந்து இறக்கினார். எழுபதுக்குக் கிட்ட வயது. ஆம்பிளைத் தொப்பி. நான் தடியில்லாமல் மாட்டைக் கூட்டிக்கொண்டு போவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாடு தெரியுமோ?"

"ஓம்."

"வேலி?"

"ஓம்."

"அப்ப வா."

வேலைக்கு எடுத்த கதை அவ்வளவுதான். அவர்கள் பேசியதெல்லாம் இங்கிலீசு. என் காதில் அது எங்கள் பேச்சாகத்தான் விழுந்தது. விழுந்தபடியே எழுதுகிறேன்.

அவரை எல்லோரும் பேர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். என் வாய்க்கு அது வரவில்லை. மிஸ் என்றேன். தான் ஒருநாளும் படிப்பித்தவள் இல்லை என்று சிரித்தார். பிறகு அப்படியே விட்டுவிட்டார்.

எனக்குத் தந்த இடம் ஒரு நீளமான தகரக் கட்டடம். பன்னிரண்டு அறை. முந்தி அங்கே செம்மறிதான். மயிர் கத்தரிக்க ஆட்கள் கூட்டமாக வந்து மாதக்கணக்கில் தங்குவார்களாம். கடைசி அறையில் நான். மற்றப் பதினொன்றும் வெறுமை. பின்னேரக் காற்றுக்குக் கதவுகள் ஒன்றுக்கொன்று கதைக்கும். பலகைச் சுவரில் ஆணியால் கீறின பெயர்கள், ஒரு நாளைக்கு எத்தனை ஆடு கத்தரித்தான் என்ற கணக்கு. ஒருவன் பெயர் எழுதாமல் ஒரு கப்பல் மட்டும் கீறியிருந்தான். அவன் கட்டில் போட்ட அறையைத்தான் நான் எடுத்தேன். வேறு காரணம் இல்லை, யன்னல் கிழக்குப் பக்கம்.

விடிய அந்த யன்னலால் பார்த்தால் மாடு வரும். மாடு சிவப்பு, முகம் மட்டும் வெள்ளை. மண்ணும் சிவப்பு. புழுதி எழும்பினால் உடம்பு தெரியாது. முப்பது நாற்பது வெள்ளை முகம் தரையில் படாமல் மிதந்து வரும். முதல் கிழமை நான் வேலைக்குப் பிந்தியது அதைப் பார்த்துக்கொண்டு நின்றதால்தான். மிஸ் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் அந்த நேரம் குசினி வாசலில் கோப்பையோடு அதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார் என்று பிறகு கண்டேன்.

வேலி பார்க்கப் போகும்போது மிஸ் கதை சொல்வார். கதை என்றால் நீட்டி முழக்கிச் சொல்வதில்லை. ஒரு மூலைக்கட்டையைக் காட்டுவார். இது தகப்பன் நட்டது. அந்தப் புகைக்கூடு நிற்கிறதே, அங்கே எட்டுப் பிள்ளை பெற்ற ஒருத்தி இருந்தாள். பெரிய சண்டை முடிந்து வந்த பொடியன்மாருக்கு அரசாங்கம் காணி வெட்டிக் கொடுத்தது. காணி சின்னன், வானம் பெரிசு, பாதிப் பேர் பத்து வருடத்தில் போய்விட்டார்கள். மற்றப் பாதி செம்மறி வளர்த்தது. மயிருக்கு விலை விழுந்தது. மாட்டுக்கு மாறினார்கள். மாடு பெருகியது, ஆள் குறைந்தது. அவ்வளவுதான் சரித்திரம் என்பார்.

ஓடைக்கரையில் ஒரு பெரிய மரம். அதன் உடம்பில் ஆள் உயரத்துக்குப் பட்டை இல்லை. ஒரு தோணி வடிவத்தில் உரித்த தடம். ஓரமெல்லாம் மரம் சதை வைத்து மூடப் பார்த்திருந்தது. யார் உரித்தது என்று கேட்டேன். எங்களுக்கு முந்தி இருந்த ஆட்கள், தோணி செய்ய, என்றார். அவர்கள் இப்போது எங்கே என்று கேட்டேன். மிஸ் வண்டியைக் கிளப்பினார். மண்டபத்தில் ஒரு கொப்பி இருந்தது, வருடத்துக்கு ஒரு பக்கம் யாராவது எழுதுவார்கள். தீ, வெள்ளம், கலியாணம், யார் வந்தது, யார் போனது. அந்தக் கொப்பியிலும் அந்த ஆட்களைப் பற்றி ஒரு வரி இல்லை. இதை அவரே பிறகு ஒருநாள் கேட்காமல் சொன்னார்.

அங்கே ஒரு பழக்கம். கேற்றை எப்படிக் கண்டாயோ அப்படி விட்டுவிட்டுப் போ. சாத்தியிருந்தால் திறந்து, போய், சாத்து. திறந்திருந்தால் தொடாதே. யாரும் எழுதி வைப்பதில்லை, ரெலிபோன் எடுத்துச் சொல்வதும் இல்லை. கேற்தான் சொல்லும். மாடு எங்கே நிற்க வேண்டும், எங்கே போக வேண்டும் என்பதை ஒருவர் முடிவு செய்து கேற்றை வைத்துவிட்டுப் போவார். பின்னால் வருகிறவர் அதைப் படிக்க வேண்டும்.

முதல் நாளே மிஸ் இதைச் சொன்னார். எனக்கு விளங்கியது. கைக்கு விளங்கவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் திறந்து கிடக்கிற படலையைக் கண்டால் சாத்துவோம். அது யார் வளவு என்றாலும் சாத்துவோம். இல்லாவிட்டால் கட்டாக்காலி மாடு புகுந்து பயிரைத் தின்றுவிடும். அப்படி ஒரு படலையைச் சாத்தாமல் தாண்டிப் போகிறவனை மனிசனாக மதிக்க மாட்டார்கள். நாற்பது வருடம் பழகிய கை அது.

நான் போய் மூன்றாம் வருடம் மழை இல்லை. அதற்கு முதல் வருடமும் சரியாக இல்லை. வீடு வீடாக மாட்டை விற்றார்கள். மிஸ்ஸும் விற்றார். நூற்றைம்பதுக்கு மேல் நின்ற இடத்தில் முப்பத்தெட்டு வைத்துக்கொண்டார். அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்றார். அந்த முப்பத்தெட்டும் அவருடைய பாட்டன் கொண்டுவந்த நாலு பசுவின் வழி. தாய், மகள், பேத்தி என்று அறுபடாமல் வந்தது. விற்றால் பிறகு வாங்கலாம், ஆனால் இதுகளை வாங்க முடியாது.

மிஸ்ஸின் மகள் மெல்பேர்ணில், ரோவிலில் இருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் ரெலிபோன் எடுப்பார். எல்லாவற்றையும் விற்றுவிட்டு வாங்கோ என்பார். தகப்பன் அந்த மண்ணில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர். தாயும் அப்படி விழ வேண்டுமா என்பது அவருடைய கேள்வி. அது பிழையான கேள்வி இல்லை. மிஸ் சொன்ன மறுமொழி எப்போதும் ஒன்றுதான். வைகாசி மழை வருமட்டும் இதுகள் நிற்கட்டும். ஒன்று இரண்டு விழத் தொடங்கினால் நானே லொறிக்குச் சொல்லுவன்.

அந்த முப்பத்தெட்டும் நின்றால் மிஸ் நிற்பார். மிஸ் நின்றால் நானும் நிற்கலாம். விசாவுக்கு எனக்கு இன்னும் ஒரு வருடம் தேவைப்பட்டது.

மாடு ஓடை வெளியில் நின்றது. வெளி என்றால் வேலி அடைத்த பெரும் புல் நிலம், அப்போது புல் இல்லை. ஓடை ஓடி நெடுநாள். மரத்தடியில் ஒரு குழித் தண்ணீர் மட்டும் கிடந்தது. அதைத்தான் குடித்தன. வெளியின் மேற்கு வேலியில் ஒரு கேற். எப்போதும் சாத்தியே இருக்கும். அதற்கு அங்கால் ஒழுங்கையில் சீமெந்துத் தொட்டி, குழாய்க்கிணற்றுத் தண்ணீர்.

தை மாதம். ஒரு வியாழன் பின்னேரம் மிஸ் புழுதியோடு வந்து இறங்கினார். குழி முடிஞ்சுது என்றார். சேறுதான் கிடக்குது என்றார். கைகழுவப் போய்விட்டார். நான் ஓம் என்றேன்.

அடுத்த நாள் வெள்ளி. தைப்பூசத்துக்கு மெல்பேர்ணில் கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போவதற்கு மூன்று நாள் லீவு கேட்டிருந்தேன். வருடத்தில் அந்த ஒரு தரம்தான் போவேன். விடியவே வெளிக்கிட்டேன். போகும்போது மேற்கு வேலி ஒழுங்கையால் போனேன். கேற் திறந்து கிடந்தது.

இறங்கினேன். சாத்தினேன். சங்கிலி தேய்ந்து வழுக்கியதால் கம்பி ஒன்றை எடுத்து மூன்று முறுக்கு முறுக்கினேன். நல்ல வேலை செய்தவன் மாதிரி ஒரு நிறைவு. அந்தப் பக்கம் மரத்தடியில் வெள்ளை முகங்கள் என்னைப் பார்த்தன. கை காட்டிவிட்டுப் போனேன்.

ட்ருகனினாவில் என் கூட்டாளி வீட்டில் தங்கினேன். ஒரே படகில் வந்தவர்கள். அவன் வேர்ஹவுசில் போர்க்லிஃப்ட் ஓடுகிறவன். இரண்டு நாளும் அனல். செய்தியில் நாற்பத்துமூன்று என்றார்கள். ஏசியைப் போட்டுவிட்டு அவன் என்னைப் பகிடி பண்ணிக்கொண்டிருந்தான்.

"மாட்டோட இருந்து இருந்து நீயும் அசை போடுறாய் மச்சான். சோத்தை விழுங்கு."

ஞாயிறு காலை கோயிலில் சனம் நிரம்பி வழிந்தது. உள்ளே இடமில்லை. நான் வெளி வீதியில் கோமுகைப் பக்கம் நிழலில் நின்றேன். உள்ளே அபிஷேகம். பாலும் தண்ணீரும் கலந்து கோமுகையால் வந்துகொண்டிருந்தது. சனம் ஏந்தித் தலையில் தெளித்தது. நானும் கையை நீட்டினேன். குளிர்ச்சி. மேளம், வெயில், பூவின் மணம், அந்தத் தண்ணீர் கையில் விழுகிற சின்னச் சத்தம். நித்திரை மாதிரி இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் தெரியாது.

பிறகு தண்ணீர் மெலிந்தது. நூலாகியது. துளியாகியது. நின்றுவிட்டது. அபிஷேகம் முடிந்திருக்கும். கை நீட்டியபடி நின்றது.

குழி முடிஞ்சுது.

அந்தச் சொல் அப்போதுதான் எனக்குள் இறங்கியது. குழி முடிந்ததால் மிஸ் கேற்றைத் திறந்து விட்டிருக்கிறார். தொட்டிக்குப் போகட்டும் என்று. நான் சாத்தினேன். வெள்ளி, சனி, ஞாயிறு.

மிஸ் வீட்டுக்குப் போன் எடுத்தேன். அடித்தது, எடுக்கவில்லை. ஞாயிறு காலையில் மிஸ் பக்கத்து ரவுண் சேர்ச்சுக்குப் போவார். அவரிடம் மொபைல் இருந்தாலும் அங்கே சிக்னல் இல்லை. என் போனில் ஆறு வீட்டு நம்பரும் இருந்தன, தீக்காலத்துக்காகத் தந்தவை. கிட்ட இருக்கிற வீடு ஒரு மனிசனுடையது. அறுபது வயது, தனி ஆள். தெருவில் எதிர்ப்பட்டால் அங்கத்தைய ஆட்கள் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்துவார்கள். அதுதான் வணக்கம். அந்த மனிசன் ஒரு வருடம் எனக்கு அந்த விரலையும் உயர்த்தவில்லை. படகில் வந்தவர்களைப் பற்றி மண்டபத்தில் என்ன சொன்னார் என்பது என் காதுக்கு வந்திருந்தது.

என்னோடு கோயிலுக்கு வந்திருந்த கூட்டாளி கதையைக் கேட்டுவிட்டு என் போனைக் கையால் மூடினான்.

"காத்து சாத்திப்போட்டுது எண்டு சொல்லு மச்சான். உனக்கு இன்னும் ஒரு வருசம் வேலை வேணுமெல்லே."

"கம்பி முறுக்கியிருக்கு. காத்து முறுக்காது."

எடுத்தேன். அந்த மனிசன் முதல் அடிப்பிலேயே எடுத்தார்.

"நான் கேற்றைச் சாத்திப்போட்டன்," என்றேன்.

"எந்தக் கேற்?"

"ஓடை வெளி. தொட்டிப் பக்கம்."

"எப்ப?"

"வெள்ளி விடிய."

"சரி" என்றார். வைத்துவிட்டார்.

என் கார் ட்ருகனினாவில் நின்றது, நகரத்தின் மற்றப் பக்கம். கூட்டாளியின் காரிலேயே போவோம் என்றேன். அன்னதானம் தொடங்கியிருந்தது. அவன் வரிசையை ஒருமுறை பார்த்தான், என் முகத்தை ஒருமுறை பார்த்தான். கார்த் திறப்பை எடுத்தான். ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் ஓடினான். அவன் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அந்த ஒரு நாள்தான்.

போகும் வழியெல்லாம் தெருவில் அந்தப் பொய்த் தண்ணீர் கிடந்தது. அதற்குள் மரங்கள் தலைகீழாக நின்றன. ஒரு நேரம் அதன் கரையில் மாடு குடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டேன். நித்திரையில்லை. கண் திறந்துதான் இருந்தது. வெள்ளை முகத்தைத் தாழ்த்தித் தாழ்த்திக் குடித்தன. கிட்டப் போக இரண்டும் இல்லை, தண்ணீரும் இல்லை, மாடும் இல்லை.

கேற் சாத்தியிருந்ததை மிஸ் ஏன் காணவில்லை என்று யாரும் கேட்கலாம். வீட்டிலிருந்து தொட்டி தெரியும், கேற் மரத்துக்குப் பின்னால். அவர் காலையும் பின்னேரமும் தூரக்கண்ணாடியால் தொட்டியைப் பார்த்திருக்கிறார். தொட்டி நிறைந்திருந்தது, குறையக் குறையத் தானாக நிரம்புகிற தொட்டி அது. மாடு வெயிலுக்கு மரத்தடியில் படுத்திருக்கும், வேளைக்கு வந்து குடித்துவிட்டுப் போகும் என்று நினைத்திருக்கிறார். நிறைந்த தொட்டியைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஒழுங்கையில் ஆறு வண்டி நின்றது. ஆறு வீடும் வந்திருந்தது. புழுதி அவ்வளவும் பொன் நிறம். அதற்குள் ஆட்கள் நிழலாகத்தான் தெரிந்தார்கள். மாடுதான் கத்திக்கொண்டு நின்றது, அதுவும் தொண்டை அடைத்த கத்தல்.

தாகத்தில் நின்ற மாடு ஒரேயடியாகக் குடித்தால் விழுந்து போகும். அதனால் ஐந்து ஐந்தாக விட்டார்கள். அந்த மனிசன் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு மாடு நுழைகிற அளவு திறப்பார், ஐந்து போனதும் சாத்துவார். தொட்டியடியில் ஒரு கிழவர் வாளியைக் கவிழ்த்து அதில் குந்தியிருந்து மணிக்கூட்டைப் பார்த்தார். கையை உயர்த்துவார். உடனே இரண்டு பெண்கள் குடித்துக்கொண்டிருக்கிற மாட்டை மேலே தள்ளி ஒழுங்கைக்குள் விடுவார்கள். அடுத்த ஐந்து. எல்லாம் முடிந்ததும் திரும்ப முதல் ஐந்து, இன்னும் கொஞ்சம். முற்பகலிலிருந்து அப்படி நின்றிருக்கிறார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

மிஸ் வேலியோரம் ஒரு தடியோடு நின்றார். உதடு புழுதியில் வெள்ளை. நான் முன்னால் போய் நின்றேன்.

"மிஸ், நான்தான் சாத்தினது."

"தெரியும். உந்த முறுக்கு இஞ்ச ஒருதரும் முறுக்கிறேல்ல."

"எத்தினை?"

"ரண்டு." மரத்தடியைக் கண்ணால் காட்டினார். "இப்ப கதையாத. போய் அதுகளைப் பிடி."

பின்னால் நின்ற மாடுகள் முன்னால் நின்றதை நெரித்துக்கொண்டிருந்தன. வேலி வளைந்தது. நான் வேலியால் குனிந்து அதுகளுக்குள் போனேன். கேற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்றேன். இரண்டு கையையும் விரித்தேன். பொறு பொறு என்றேன். ஒவ்வொருத்தராய் என்றேன். தமிழில்தான். அதுகளோடு நான் எப்போதும் தமிழில்தான் கதைத்தேன். மூக்கெல்லாம் காய்ந்து வெடித்திருந்தது. மூச்சு நெருப்பு. ஆனாலும் நின்றன. கேற்றைப் பிடித்திருந்த மனிசன் என் முதுகுக்குப் பின்னால் இருந்து, "இன்னொருக்காச் சொல்லு," என்றார். சொன்னேன்.

அந்தி மங்கும்போது முடிந்தது. மண்டபத்தைப் பார்க்கிற பெண் ஒருவர் சான்ட்விச் கொண்டுவந்திருந்தார். என் கூட்டாளிக்கும் கொடுத்தார்கள். அவன் காலையிலிருந்து சாப்பிடவில்லை. மூன்று துண்டு தின்றுவிட்டு, உள்ளே இருந்தது மாட்டிறைச்சி என்று பிறகு என்னிடம் சொன்னான். தைப்பூசத்தன்று. முருகன் கணக்கில் எடுக்க மாட்டார் என்றேன்.

அடுத்த நாள் செத்த இரண்டையும் தாட்டேன். ரக்ரரால் கிடங்கு வெட்டி. இரண்டும் மூத்த பசுக்கள். தோணி உரித்த மரத்துக்கு அங்கால் மண் இளக்கமாக இருந்தது. வேலை முடிந்து வரும்போது வீட்டு வாசலில் மகளின் கார் நின்றது.

குசினியில் மேசையைச் சுற்றி இருந்தார்கள். மிஸ், மகள், அந்த மனிசன். எனக்கும் ஒரு கதிரை இழுத்துவிட்டார்கள். மகள் நல்லவர். குரல் உயர்த்தவில்லை. தாயைப் பார்த்து, ஒன்று இரண்டு விழுந்தால் லொறிக்குச் சொல்லுவன் எண்டு நீங்கள்தான் சொன்னனீங்கள் என்றார். வியாழக்கிழமைக்கு லொறி வரும், தான் கேட்டுவிட்டேன் என்றார்.

மிஸ் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்ன சொல் சொன்ன சொல்தான் அவருக்கு. நான் அவரை அப்படிக் கண்டதில்லை. தொப்பி இல்லாமல் சின்னவராகத் தெரிந்தார். வெளியில் மாடு ஒன்று கத்தியது, சாதாரணக் கத்தல். முப்பத்தாறும் அந்த ஒரு நிமிடத்தில் தொங்கியது. அதைத் தொங்க வைத்தது என் கை.

நான் எழும்பினேன். விழுந்தது மாட்டின்ரை பிழையில்லை, மழையின்ரை பிழையுமில்லை என்றேன். என்ரை பிழை. என்னை அனுப்புங்கோ, மாட்டை அனுப்பாதேங்கோ. என் இங்கிலீசில் அது எப்படி வந்ததோ தெரியாது.

"உங்களை அனுப்பினா ஆர் பாக்கிறது?" என்றார் மகள். "அம்மாவோ?"

அப்போது அந்த மனிசன் வாய் திறந்தார். அவருக்கும் நீட்டிப் பேச வராது. மண்டபத்துக் கொப்பியில் இருக்கிறது என்றார். முந்தின பெரிய வரட்சியில் ஆறு மாதம் வீட்டுக்கு ஒரு நாளாக எல்லாருடைய தண்ணீரையும் சுற்றிப் பார்த்திருக்கிறார்கள். ஒருவரின் தொட்டிக்கு இன்னொருவர் கண்.

"ஆறு வீடு, ஆறு நாள்," என்றார். "ஏழாம் நாள் இவன்."

"இவரோ?" என்றார் மகள்.

"கேற் சாத்தினவன் போன் எடுத்துச் சொன்னதை இந்த ஊரில நான் இப்பத்தான் காணுறன். நாங்கள் எல்லாரும் சாத்தியிருக்கிறம். எல்லாருக்கும் காத்துத்தான் சாத்தினது."

மிஸ்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் வைகாசி முடியுமட்டும் என்றார். அந்த மாதக் கடைசி நாளுக்கு லொறியை மாற்றிச் சொன்னார், எங்கள் எல்லோருக்கும் முன்னால். அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை என்று கைகொடுத்தார்கள்.

பிறகு மாசி, பங்குனி, சித்திரை. என்னுடைய நாள் ஞாயிறு. ஆறு வீட்டுத் தொட்டியும் பார்ப்பேன். குனிந்து தண்ணீரைத் தொட்டுப் பார்ப்பேன். நிறைந்திருந்தால் மாட்டையும் போய்ப் பார்ப்பேன். அந்தச் சுற்று எழுபது கிலோமீற்றர். ஒரு உயிர் அசைவில்லை. வானம் வெளுத்து, தரை சிவந்து, நடுவில் நான். சில வேளை வண்டி ஓடவில்லை, நிலம்தான் எனக்குக் கீழால் போகிறது என்று தோன்றும். அந்த ஆறு வீட்டுக் குசினியிலும் நான் தேத்தண்ணி குடித்தது அந்த மாதங்களில்தான்.

மாடு மெலிந்தது. விலா எண்ணலாம். ஆனால் முப்பத்தாறும் நின்றது. வைகாசி பிறந்தது. மேகம் வரும், போகும். மாதம் முடியப் பத்து நாள் இருக்கும்போது மிஸ் என்னை ஏற்றுமேடையின் பலகைகளைச் சரிபார்க்கச் சொன்னார், லொறிக்கு மாடு ஏற்றுகிற மேடை. இரண்டு பலகை உக்கியிருந்தது. மாற்றினேன்.

ஒரு நாள் பின்னேரம் காற்று நின்றது. மணம் முதலில் வந்தது. பிறகு தகரக் கூரையில் ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பிறகு பன்னிரண்டு அறைக்கும் சேர்த்து ஒரே சத்தம். நான் கட்டிலில் இருந்தேன். எழும்பவில்லை. எழும்பினால் நின்றுவிடும் என்று ஒரு பயம். விடியுமட்டும் பெய்தது. அடுத்த நாளும் பெய்தது. ஓடை முதலில் நுரை கொண்டுவந்தது, பிறகு குச்சி, பிறகு தண்ணீர்.

மிஸ் மகளுக்கு ரெலிபோன் எடுத்தார். கையை யன்னலுக்கு வெளியே நீட்டி ரிசீவரைப் பிடித்தார்.

இப்போது அந்த முப்பத்தாறிலிருந்து எத்தனை பெருகியிருக்கும் தெரியாது. விசா மாறியதும் நான் நகரத்துக்கு வந்துவிட்டேன், ஊரில் விட்டுவந்த மனிசி பிள்ளைகளைக் கூப்பிட வேண்டியிருந்தது. ஆனால் மழை பெய்து மூன்று கிழமைக்குப் பிறகு வந்த அந்தக் காலை எனக்கு நல்ல ஞாபகம்.

வழமைபோல வண்டியில் வைக்கோல் கட்டு ஏற்றிக்கொண்டு மிஸ்ஸும் நானும் போனோம். பனிமூட்டம். நான் கதவில் தட்டிக் கூப்பிட்டேன். வரட்சி முழுக்க வண்டிச் சத்தம் கேட்டாலே விழுந்தடித்து ஓடிவந்தவை. ஒன்றும் வரவில்லை. திரும்பக் கூப்பிட்டேன். மூட்டத்துக்குள்ளிருந்து புல்லைப் பிடுங்குகிற சத்தம் மட்டும் வந்தது. எல்லாப் பக்கமும் இருந்து. பட்டுத் துணி கிழிகிற மாதிரி.

மூட்டம் கொஞ்சம் விலகியது. தரையில் ஒரு விரல் உயரம் பச்சை. அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றன. ஒன்றாவது தலை நிமிர்த்தவில்லை.

இறங்கி எண்ணிப் பார்க்கவா என்று கேட்டேன்.

மிஸ் எஞ்சினை நிறுத்தினார்.

"வேண்டாம்," என்றார். "தின்னட்டும்."